ஆராதனையிலும் கச்சேரியிலும் நவீன ஆர்கன் இசை: டர்பன் சபைகளுக்கு

நவீன ஆர்கன் இசை என்றாலே சபையார் கொஞ்சம் அஞ்சுவார்கள். பெரும்பாலும் குறை இசையில் இல்லை, வாசித்த நேரத்தில்தான். கீர்த்தனை பாட எழுந்து நிற்பவர்களுக்குப் பொறுமை இருக்காது. திருவிருந்தின்போது சபை தானாகவே அடங்கியிருக்கும். தொடங்க அதுவே நல்ல இடம்.

முதலில் எடுக்க வேண்டியது பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியான் 1928-இல் எழுதிய 'லெ பாங்கே செலெஸ்த்', அதாவது 'பரலோக விருந்து'. நூறு வயதை நெருங்கினாலும் இன்றும் புதிதாகவே ஒலிக்கிறது. மேனுவலில், அதாவது கைகளால் வாசிக்கும் விசைப்பலகையில், மெல்லிய செலெஸ்ட் ஸ்டாப் போதும் (ஸ்டாப் என்பது ஒரு வகைப் பைப்புகளை ஒலிக்கவிடும் குமிழ்). கவனம் தேவைப்படுவது கால்களால் வாசிக்கும் பெடலில். வழக்கம்போல 16 அடி ஸ்டாப்பை இழுத்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும் (அடி என்பது பைப்பின் நீள அளவு; அது கூடக்கூடச் சுருதி தாழும்). இங்கே பெடல்தான் மேல்குரல். 16, 8 இரண்டையும் மூடிவிட்டு, 4 அடியும் அதைவிடக் குறுகியதுமான ஸ்டாப்புகளை மட்டும் வையுங்கள். பெடலில் அவை இல்லையென்றால், கைகள் வாசிக்காத மேனுவலில் 4, 2 அடி புல்லாங்குழல் ஸ்டாப்புகளை இழுத்து, கப்ளரால் பெடலோடு இணைக்கலாம். ஒவ்வொரு பெடல் சுரமும் நீர்த்துளிபோல விழ வேண்டும்: கால்விரல் நுனியால் தொட்டு உடனே எடுங்கள். கைகள் மட்டும் சுரத்தை விடவே கூடாது. காலைப் பார்த்துக் கையும் துள்ளுவதுதான் பலர் செய்யும் பிழை. 6 முதல் 8 நிமிடம் பிடிக்கும், வேகப்படுத்தாதீர்கள்.

நினைவு ஆராதனைக்கு எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் 'பாரி இன்டர்வல்லோ' பொருந்தும். 8 அடி ஸ்டாப் ஒன்றிரண்டு போதும். கம்பளம் விரித்த, எதிரொலி இல்லாத ஆலயத்தில் அது காய்ந்து கேட்கும். அங்கே சற்று வேகமாகப் போகலாம்.

பவனிக்கு அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் 'மேட் ரஷ்'. 1979-இல் இயற்றப்பட்ட இது நியூயார்க் பேராலயத்தில் தலாய் லாமாவின் வருகைக்கு வாசிக்கப்பட்டது. அவர் எப்போது நுழைவார் என்று தெரியாததால், நீட்டவும் குறைக்கவும் வசதியான அமைப்பு அதற்கு. மெதுவான பகுதி முடியும் இரண்டு இடங்களைப் பென்சிலால் குறித்து, எதில் நிறுத்துவது என்பதை ஆயர் பீடத்தை அடைவதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வேகப் பகுதியில் 16 அடி வேண்டாம், சுரங்கள் குழம்பிவிடும்.

கச்சேரிக்குப் பேர்ட்டின் 'அன்னும் பெர் அன்னும்' (1980). தொடக்கத்தில் சுரங்களைப் பிடித்தபடியே, பைப்புகளுக்குக் காற்றூட்டும் ப்ளோயரை அணைக்க வேண்டும்; காற்று இறங்க இறங்க ஓசை தேய்ந்து மறையும். மின்விசைத் தொடர்புள்ள ஆர்கனில் ப்ளோயருக்கும் விசைகளுக்கும் ஒரே சுவிட்சா என்று முன்னதாகவே பாருங்கள். ஒரே சுவிட்ச் என்றால் ஓசை தேயாது, சட்டென அறுந்துவிடும். டிஜிட்டல் ஆர்கனிலும் அப்படித்தான். அங்கே ஸ்டாப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்வெல் பெடலை மெல்ல மூடுவதே வழி. டிக்கெட் போட்டுக் கச்சேரி வைத்தால் தென்னாப்பிரிக்க இசை உரிமை அமைப்பான சாம்ரோவின் உரிமமும் வேண்டும்.

டர்பன் கோடையில் சுருதிதான் பெரும் தொல்லை. வெப்பம் 1 டிகிரி ஏறினால் ஃப்ளூ பைப்புகள் (புல்லாங்குழல்போல ஒலிப்பவை) ஏறத்தாழ 3 சென்ட் ஏறும்; சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் ரீட் பைப்புகள் அவ்வளவு நகராது. 22 டிகிரியில் ஒத்திகை பார்த்து 30 டிகிரியில் வாசித்தால் வித்தியாசம் அரைச்சுரத்தில் கால் பங்கு வரை போகும். அன்று ரீட் ஸ்டாப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது. தொட்டே ஆக வேண்டுமென்றால் ரீட்டை ஃப்ளூவுக்குச் சேருங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.

ஈரப்பதத்தில் மரம் உப்பி, ஒரு சுரம் தானாகவே ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த விசையைப் பத்துமுறை வேகமாகத் தட்டிப் பாருங்கள். நிற்காவிட்டால் அந்த ஸ்டாப்பை மூடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் அந்தப் பைப்பைத் துணியால் பிடித்து மெல்ல உயர்த்தி எடுத்து வையுங்கள். வாய்ப்பகுதியில் விரல் படக் கூடாது.

மின்வெட்டுக்கு டிஜிட்டல் ஆர்கன் என்றால் சாதாரண யுபிஎஸ் தாங்கும். ப்ளோயர் மோட்டாரோ கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு இழுக்கும், அது யுபிஎஸ்ஸை விழவைத்துவிடும். ஜெனரேட்டர் இல்லாத ஆலயத்தில், மின்வெட்டு அறிவித்த நேரத்துக்கு முன்பே ஆர்கன் பகுதிகளை வாசித்து முடிக்கும்படி ஆராதனை ஒழுங்கை ஆயரோடு பேசி மாற்றிவிடுங்கள்.