யால்டா படத்தைக் கோப்பது எப்படி?

1945 பிப்ரவரியில் கிரிமியாவின் யால்டா நகரில் பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் யூனியன் தலைவர்களான சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் மூவரும் வரிசையாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம்தான் உங்கள் ஜிக்சா (துண்டுகளைக் கோத்து முழுப் படமாக்கும் புதிர்) என்றால், நிறத்தை வைத்துத் துண்டு பிரிக்கும் பழக்கத்தை முதலில் மறந்துவிடுங்கள். ஓரத்தை முடித்ததும் முகங்கள். நடுவில் இருப்பவர் ரூஸ்வெல்ட், அவரை வைத்துவிட்டால் மற்ற இருவருக்கும் இடம் தெரிந்துவிடும். அப்புறம் காலடியில் விரித்த கம்பளம், பூவேலைப்பாடு இருப்பதால் சுலபம்.

உண்மையான தலைவலி கோட்டுகள்தான். எல்லாமே ஒரே இருட்டு, அதனால் படத்தைப் பார்க்காமல் துண்டின் வடிவத்தைப் பாருங்கள்: இரண்டு முனை நீட்டியவை ஒரு குவியல், மூன்று நீட்டியவை இன்னொன்று. விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் துணி மடிப்பின் மெல்லிய கோடு, பொத்தானின் ஓரம் எல்லாம் கண்ணில் படும். பொருந்துவதுபோல் தோன்றினாலும் அழுத்தித் திணிக்காதீர்கள்.