விஷமும் வைட்டமினும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்கள், எங்கள் பயிற்சிக் காலத்தில் நடந்த அதே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். ஊசி போடுவதும் குறிப்பெழுதுவதும் பழகப் பழக வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஈரலைத் தாக்கும் விஷத்துக்கு வைட்டமினை நம்பிச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மஞ்சள் பாட்டிலை நம்பிக் காத்திருப்பது

வள்ளியூர்ப் பக்கம் வாழைத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர். காய்ச்சலுக்கு ஒரு மெடிக்கலில் 650 மாத்திரை, இன்னொன்றில் சளி மாத்திரை வாங்கியிருக்கிறார். இரண்டிலும் பாராசிட்டமால் இருப்பது அவருக்குத் தெரியாது. உடம்புவலி விடவில்லை என்று மூன்று நாளாக இரண்டையும் மாற்றி மாற்றி விழுங்கியிருக்கிறார். வாந்தியோடு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு மல்டிவைட்டமின் டிரிப் ஏற்றி, மறுநாள் தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாளையங்கோட்டையில் எங்களிடம் வந்தபோது கண் மஞ்சளித்திருந்தது. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. “சத்து மருந்துன்னு மஞ்சக் கலர்ல ஏத்துனாவ சார், நல்லாத்தான் இருந்தாவ” என்றார் மனைவி. அவர் பிழைத்தது பெரும்பாடு. வீட்டு நகை முழுக்க அடகுக்குப் போனது.

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. பாராசிட்டமால் கல்லீரலில் உடையும்போது வரும் நச்சுப்பொருளை ஈரலிலேயே இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் பிடித்து முடக்கிவிடும். மாத்திரை அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோகும், நச்சு ஈரல் செல்களையே தாக்கும். தீர்ந்த இருப்பை நிரப்புவது அசிடைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து. ஒரே நேரத்தில் அதிகமாக விழுங்கியவருக்கு அதை 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஈரல் பெரும்பாலும் தப்பிவிடும். தாமதமானாலும் கொடுக்கத்தான் வேண்டும். அழுகிய முட்டை போல நாறும், நோயாளி முகத்தைத் திருப்புவார். பக்கத்தில் நின்று குடிக்க வையுங்கள். வைட்டமின் சி, ஈ இரண்டுமே அந்த வேலையைச் செய்யாது. இரண்டாம் நாள் ஆள் தெளிவதையும் நம்பாதீர்கள். ஈரல் பாதிப்பு உச்சத்துக்குப் போவது மூன்றாம், நான்காம் நாளில்.

எலிச் சோதனையை ஆளுக்குப் பொருத்துவது

கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்த எலிகளின் ஈரலை வைட்டமின் ஈ காத்தது உண்மை. அந்த விஷத்திலிருந்து வரும் ஃப்ரீ ராடிக்கல்கள் (நிலையற்ற மூலக்கூறுகள்) செல் சவ்வின் கொழுப்பைத் தொடர்ச்சியாகச் சிதைக்கும், வைட்டமின் ஈ அந்தத் தொடரை அறுக்கும். சரி, ஆனால் இப்படிப்பட்ட சோதனைகள் பலவற்றில் வைட்டமின் முன்கூட்டியே உள்ளே போய்விடுகிறது. நம்மிடம் வருபவருக்கு விஷம் முதலில் போயிருக்கிறது. 2010இல் வைட்டமின் ஈ பலன் தந்ததாக வெளிவந்த பெரிய ஆய்வு, சர்க்கரை நோய் இல்லாதவர்களின் கொழுப்பு ஈரல் அழற்சியைப் பற்றியது. அதை இங்கே இழுக்காதீர்கள்.

வைட்டமின்தானே என்று அள்ளிக் கொடுப்பது

வைட்டமின் ஏ மிகுந்தால் அதுவே ஈரலைக் கெடுக்கும்.

வைட்டமின் கே-யையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது

அது ரத்தம் உறைவதற்குக் கொடுப்பது, ஈரலில் விஷத்தை முறிக்க அல்ல.

எலிபேஸ்ட் தின்ற பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்ப்பது

எலிபேஸ்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸுக்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. பிள்ளை ஓரிரு நாள் ஓடியாடி விளையாடும், அப்புறம் ஈரல் செயலிழக்கும். நெல்லிச்சாறும் கீழாநெல்லியும் பிழிந்து கொடுத்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். பேஸ்ட் டப்பாவையும் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள்.