உங்கள் டிஸ்ட்ரிக்டில் எத்தனை ஆப் ஓடுகிறது? கணக்கெடுத்துக் களையெடுக்கும் வழி

அமெரிக்காவில் ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின், அதாவது ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், டெக்னாலஜி பிரிவில் வேலை செய்கிறேன். போன வருஷம் பட்ஜெட் நேரத்தில் மேலதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நம் பிள்ளைகள் மொத்தம் எத்தனை ஆப் பயன்படுத்துகிறார்கள்?" அறுபது இருக்கும் என்று சொல்லிவிட்டேன். ஷீட் போட்டு எண்ணிப் பார்த்தால் 340-ஐத் தாண்டிப் போகிறது. இந்த வேலையை இரண்டு முறை தப்பாகச் செய்து, மூன்றாவது முறைதான் ஒழுங்காக முடித்தேன். இதே வேலை உங்கள் தலையிலும் விழுந்திருந்தால் அந்த முதல் இரண்டு முறையை நீங்கள் தாண்டிவிடலாம்.

இவ்வளவு ஆப் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாதி கதை கோவிட் காலத்தில் இருக்கிறது. ஆசிரியர்கள் அவசரத்துக்கு இலவசக் கணக்குகள் திறந்தார்கள். டிஸ்ட்ரிக்டுகள் எஸ்ஸர் என்ற மத்திய அரசு நிதியில் வாங்கிக் குவித்தன. அந்த நிதியின் கடைசித் தவணையைச் செலவுக்கு ஒதுக்க 2024 செப்டம்பர் 30 வரைதான் கெடு. பணம் நின்றது, ரினியூவல் பில் நிற்கவில்லை.

படி 1: நாலு இடத்திலிருந்து பட்டியல் எடுங்கள்

முதலாவது, க்ளெவர், கிளாஸ்லிங்க் மாதிரி உங்களிடம் இருக்கும் சிங்கிள் சைன்-ஆன் போர்ட்டல், அதாவது ஒரே லாகினில் எல்லா ஆப்பையும் திறக்கும் பக்கம். இரண்டாவது, கூகுள் அட்மின் கன்சோலில் செக்யூரிட்டி பகுதிக்குள் இருக்கும் ஏபிஐ கன்ட்ரோல்ஸ். பள்ளிக் கணக்கை வைத்து எந்தெந்த ஆப்புக்குள் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பது அங்கே தெரியும். அதிர்ச்சி முழுக்க இங்கேதான். மூன்றாவது, கணக்குப் பிரிவிடம் இருக்கும் பர்ச்சேஸ் ஆர்டர்களும் பள்ளி கார்டு ஸ்டேட்மென்ட்டுகளும்.

நாலாவது, ஆசிரியர்கள். "என்னென்ன ஆப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று படிவம் அனுப்பினேன், ஆளுக்கு இரண்டு பெயர் எழுதி அனுப்பினார்கள். "நேற்று உங்கள் வகுப்பில் பிள்ளைகள் எந்தெந்தத் தளத்தைத் திறந்தார்கள்?" என்று மாற்றிக் கேட்டேன். ஏழு, எட்டு வந்தது.

நாலையும் சேர்க்கும்போது பெயரை நம்பாதீர்கள். ஒரே ஆப் போர்ட்டலில் ஒரு பெயரில் இருக்கும், கூகுளில் இன்னொரு பெயரில் இருக்கும், இன்வாய்ஸில் ரீசெல்லர் கம்பெனியின் பெயர் மட்டும் இருக்கும். ஆப்பின் இணைய டொமைனை ஷீட்டின் முதல் நெடுவரிசையாக வைத்து, அதைக் கொண்டே நாலு பட்டியலையும் சேருங்கள். இரட்டிப்பு வரிகள் தானாகக் கழன்றுவிடும்.

இதற்கு லேர்ன்பிளாட்ஃபார்ம் மாதிரி தனி மென்பொருட்கள் உண்டு. முதல் வருஷம் கூகுள் ஷீட்டே போதும் என்பது என் கட்சி. ஆப்பைக் குறைக்கிறேன் என்று கிளம்பி இன்னொரு ஆப்புக்குப் பணம் கட்டுவானேன்?

படி 2: ரினியூவல் தேதி போதாது

ஷீட்டில் விலை, வகுப்பு, கேட்டு வாங்கிய ஆசிரியர், ரினியூவல் தேதி எல்லாம் நீங்களே போட்டுவிடுவீர்கள். நான் விட்டது "சொல்ல வேண்டிய கடைசித் தேதி" என்ற நெடுவரிசை. நிறுத்துவதாக இருந்தால் 60 நாளுக்கு முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று ஓர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஜூலை 1-இல் புதுப்பிப்பு என்றால் மே 2-க்குள் சொல்லியாக வேண்டும். நான் மே மூன்றாவது வாரத்தில் மெயில் அனுப்பினேன். யாரும் திறக்காத ஓர் ஆப்புக்கு இன்னொரு வருஷம் பணம் கட்டினோம்.

படி 3: சட்டச் சல்லடை

ஒவ்வோர் ஆப்பையும் இந்தச் சட்டங்களில் சலித்துப் பாருங்கள்: மாணவர் பதிவேடுகளுக்கு 1974-இன் ஃபெர்பா, 13 வயதுக்குக் கீழான பிள்ளைகளிடம் இணையத்தில் தகவல் வாங்குவதற்கு 1998-இன் காப்பா, இவை போக உங்கள் மாநிலச் சட்டம். நியூயார்க்குக்கு 2-டி என்ற சட்டப் பிரிவு, இல்லினாய்க்கு சொப்பா என்ற சட்டம் என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். இலவச ஆப்புக்கு இதெல்லாம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறைய. காசு வாங்காத ஆப் பிள்ளைகளின் தகவலை என்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு கம்பெனியோடும் தனித்தனியாக ஒப்பந்தம் பேச உட்கார்ந்தால் ஓய்வு பெறும் வரை பேசலாம். ஸ்டூடன்ட் டேட்டா பிரைவசி கன்சார்ஷியம் என்ற கூட்டமைப்பின் பொது ஒப்பந்தப் படிவத்தைப் பயன்படுத்துங்கள். அதில் 'இ' பிற்சேர்க்கையில் கம்பெனி கையெழுத்திட்டிருந்தால், உங்கள் மாநிலத்தில் வேறொரு டிஸ்ட்ரிக்ட் பேசி முடித்த அதே நிபந்தனைகளை நீங்களும் ஏற்றுக்கொள்ளலாம். எங்கள் பட்டியலில் பெரிய பங்கு இப்படித்தான் முடிந்தது. 'பி' பிற்சேர்க்கையை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். என்னென்ன தகவல் எடுக்கிறார்கள் என்று டிக் போட்டிருக்கும். கணக்கு விளையாட்டுக்கு வீட்டு முகவரி எதற்கு?

படி 4: பயன்பாட்டு எண்ணிக்கை (நான் விழுந்த பள்ளம்)

முதல் முறை லாகின் எண்ணிக்கையை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தினேன். மேலே இருப்பது வேண்டும், கீழே இருப்பது வேண்டாம். எளிதாக இருக்கிறதே என்று அப்படியே அனுப்பிவிட்டேன்.

மேலே முதலிடத்தில் இருந்த ஆப்பை ஒரு பள்ளியில் குரோம்புக் திறந்ததும் தானாகத் திறக்கும் பக்கமாக வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அதை மூடிவிட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு மூடலுக்கும் எனக்கு ஒரு லாகின்!

கீழே கடைசியில் இருந்த ஆப்புக்கு மூன்றே பயனர்கள். நிறுத்தினேன். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சிறப்புக் கல்வி ஆசிரியை போன் செய்தார். எழுத்தைப் படித்துக் காட்டும் ஆப் அது. அந்த மூன்று பிள்ளைகளின் ஐஇபி-யில், அதாவது தனிக் கல்வித் திட்டத்தில், எழுதியே கொடுத்திருக்கிறது. அதைக் கொடுக்க வேண்டியது டிஸ்ட்ரிக்டின் சட்டப்படியான கடமை. பத்து நிமிஷத்தில் திரும்ப இயக்கினேன். மன்னிப்பு கேட்கத்தான் நேரம் பிடித்தது.

இப்போது ஷீட்டில் மூன்று நெடுவரிசை வைத்திருக்கிறேன்: எத்தனை பேர் திறந்தார்கள், திறந்து எத்தனை நிமிஷம் இருந்தார்கள், இல்லாமல் போனால் யார் போன் செய்வார்கள். மூன்றாவதை நிரப்ப ஆசிரியர்களிடம் பேசுவதைத் தவிர வேறு வழி இல்லை.

எஸ்ஸா என்பது பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுச் சட்டம். ஆப் பலன் தரும் என்பதற்கு "எஸ்ஸா சட்டப்படி ஆதாரம் உள்ளது" என்று விற்பனையாளர் சொன்னால், ஆதாரம் எத்தனையாவது அடுக்கு என்று கேளுங்கள். மொத்தம் நாலு. முதல் அடுக்குக்கு முறையான பரிசோதனை ஆய்வு வேண்டும். நாலாவது, இது பலன் தரலாம் என்பதற்கு நியாயமான விளக்கம் இருக்கிறது என்ற அளவுதான். பளபளப்பான பிரசுரத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

படி 5: நிறுத்துவது

பள்ளி நடக்கும்போது எதையும் நிறுத்தாதீர்கள், கோடை விடுமுறையில் செய்யுங்கள். போர்ட்டலில் ஐகானை எடுத்தால் ஆப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பிள்ளைகளின் தகவல் அந்தக் கம்பெனியிடம் அப்படியேதான் இருக்கும். படி 3-இல் சொன்ன அதே பொது ஒப்பந்தத்தின் 'டி' பிற்சேர்க்கை தகவலை அழிக்கச் சொல்லும் படிவம். அதை நிரப்பி அனுப்பி, அழித்தாயிற்று என்று எழுத்தில் வாங்குங்கள். அதுவரை ஷீட்டில் அந்த வரிக்கு, வேலை முடியவில்லை என்பதற்கு அடையாளமாக, மஞ்சள் நிறம் போட்டு வையுங்கள்.

பின்சேர்க்கை: நாலு இடத்திலும் சிக்காத ஒன்றை ஒரு பள்ளி நூலகர் கமென்ட்டில் சொன்னார்: குரோம் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது குரோம் பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருட்கள். சரிதான், பலவற்றுக்கு லாகினே கிடையாது; போர்ட்டலிலும் வராது, ஏபிஐ பட்டியலிலும் வராது. அட்மின் கன்சோலில் குரோம் பகுதியில் ஆப்ஸ் அண்ட் எக்ஸ்டென்ஷன்ஸ் யூசேஜ் என்று ஓர் அறிக்கை இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்தேன். என் ஷீட்டில் இன்னும் 52 வரிகள் கூடிவிட்டன.