கத்திரி வெயிலில் டிராஃபிக்: பைக் சூட்டைக் கூட்டும் தவறுகள்

மே மாதத்தில் சென்னையில் கத்திப்பாராவிலோ பாடி மேம்பாலத்தின் அடியிலோ அரை மணி நேரம் ஊர்ந்து வந்தவரைக் கேட்டால், "வெயில்ல வண்டி ஓவரா ஹீட் ஆயிடுச்சு" என்பார். வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அது சின்னப் பங்குதான். ஓடும் எஞ்சினின் சிலிண்டர் ஹெட் சாதாரண நாளிலேயே 100 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். அந்தச் சூட்டுக்கு வெளிக்காற்று 30 டிகிரியா 40 டிகிரியா என்பது பெரிய வித்தியாசம் இல்லை. காற்று அடிக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம்.

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகள் ஏர்கூல்டு, அதாவது காற்றால் குளிர்பவை. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடு தகடான ஃபின்களின் மேல் காற்று உரசிப் போனால்தான் சூடு இறங்கும். எரியும் பெட்ரோலில் கால் பங்கோ அதற்குக் கொஞ்சம் மேலோதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி எல்லாம் சூடாகத்தான் வெளியேற வேண்டும். வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடுகிறது, சூடு மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஃபேன் ஒன்று உள்ளே இருப்பதால் அவை இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. ஏர்கூல்டு பைக்கில் அது கிடையாது. அதனால் நிற்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் தவறு ஹாஃப் கிளட்ச். வரிசை நகர நகர, கிளட்சைப் பாதி பிடித்தபடி, ஆக்சிலேட்டரை லேசாகத் திருகிக்கொண்டே அங்குலம் அங்குலமாகப் போகிறோம். கிளட்ச் பிளேட்டுகள் முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான பைக்குகளில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். அதாவது பிளேட் உரசுகிற சூடும் எஞ்சினைக் குளிர்விக்க வேண்டிய அதே ஆயிலில்தான் போய்ச் சேர்கிறது. சூடேறிய வண்டியில் நியூட்ரல் விழ மறுப்பதற்கும் கிளட்ச் பிடிக்கும் இடம் மாறிப்போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். முன்னால் இரண்டு மூன்று வண்டி நீளம் இடம் விழட்டும். அப்புறம் முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு நகர்ந்து, மறுபடி நில்லுங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கி உறுமவிடுவதும் இதே ரகம்தான். அதனால் எந்தக் குளிர்ச்சியும் வராது. கூடுதல் பெட்ரோல் எரிந்து கூடுதல் சூடுதான் வரும். சிக்னலில் காத்திருக்கும் விநாடிகள் 30-க்கு மேல் காட்டினால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்ய நிறைய பெட்ரோல் போகும் என்று பலரும் நம்புகிறார்கள். கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் இப்போதைய எஃப்.ஐ. வண்டிகளில் அது, நின்றபடி எஞ்சின் சில விநாடி ஓட ஆகும் அளவுதான். கூலன்ட் என்ற திரவத்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் லிக்விட் கூல்டு வண்டியில் மட்டும் ஒரு கவனம் தேவை: ரேடியேட்டர் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். நிற்கப்போவது கொஞ்ச நேரம்தான் என்றால் அணைக்காமல் அதை முடிக்க விடலாம்.

தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். வண்டியை ஓரங்கட்டி, பாட்டில் தண்ணீரை எஞ்சின் மேல் கவிழ்ப்பவர்களைச் சாலையில் பார்க்கலாம். சூடான தோசைக்கல்லில் தெளித்தது போல 'உஸ்' என்று ஆவி வரும், பார்ப்பதற்குத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் வெளியே இருக்கும் அலுமினியமும் உள்ளே இருக்கும் இரும்பு லைனரும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை. ஃபின்னில் விரிசல் விடலாம், எஞ்சின் இணைப்புகளை அடைக்கும் கேஸ்கெட் பக்கம் ஆயில் கசியத் தொடங்கலாம். நிழலில் நிறுத்திவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தாலே போதும். அந்தத் தண்ணீரை நீங்கள் குடியுங்கள். உங்களுக்குத்தான் அது தேவை. லிக்விட் கூல்டு வண்டி வைத்திருப்பவர்கள் சூட்டோடு ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். சென்னையின் உப்புத் தண்ணீர் சன்னமான குழாய்களில் படிந்து அடைத்துவிடும்.

இனி, வீட்டிலும் மெக்கானிக் கடையிலும் நடக்கிற தவறுகள். மைலேஜ் கூட வேண்டும் என்று கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து டியூன் செய்யச் சொல்வது நம்மிடம் பரவலான பழக்கம். அளவுக்கு மீறிக் குறைத்தால், பெட்ரோல் குறைந்த அந்தக் காற்று-பெட்ரோல் கலவை எஞ்சினைக் கூடுதலாகச் சூடாக்கும். லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடும், மே மாத டிராஃபிக்கில் எஞ்சின் திணறும். அந்தப் பேரம் எனக்கு உவப்பானதில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் இந்த வேலைக்கே இடமில்லை. கலவையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

ஆயில் விஷயத்தில் இரண்டு விதமாகத் தவறு செய்கிறோம். கோடைக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று மாற்றுவது ஒன்று. ஹீரோ, ஹோண்டா சிறிய பைக்குகளுக்கு 10டபிள்யூ-30, ராயல் என்ஃபீல்டுக்கு 15டபிள்யூ-50 என்று ஆயிலின் கெட்டித்தன்மையைக் கம்பெனியே வெயிலையும் கணக்கில் எடுத்துத்தான் சொல்லியிருக்கிறது. கையேட்டில் இருப்பதை ஊற்றுங்கள். கார் ஆயில் வேண்டவே வேண்டாம், கிளட்ச் வழுக்கும். அளவைப் பார்க்காமலே ஓட்டுவது இன்னொன்று. 100 சிசி வண்டியில் மொத்த ஆயிலே ஒரு லிட்டர் அளவுதான். அதில் 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஏப்ரல், மே மாதங்களில் வாரம் ஒரு முறையாவது வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள்.

ஃபின்களுக்கு இடையில் சேறும் ஆயில் பிசுக்கும் இறுகியிருந்தால் காற்று வந்தும் பயன் இல்லை. அடுத்த வாட்டர் வாஷில், எஞ்சின் ஆறிய பிறகு, அதைச் சொல்லிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கிராஷ் கார்டில் பை, ரெயின்கோட் கட்டி எஞ்சின் முன்பக்கத்தை மறைப்பவர்கள் அதைப் பின் சீட்டுக்கு மாற்றலாம்.

கோடையில் டேங்க் நிரப்பினால் வெடிக்கும் என்று வருடா வருடம் வாட்ஸ்அப்பில் சுற்றுவது வதந்தி. இந்தியன் ஆயில் நிறுவனமே அதை மறுத்திருக்கிறது. டேங்க் கழுத்து வரை வழிய வழிய ஊற்றாமல் இருந்தால் சரி.

எஞ்சினைப் பற்றியே பேசிவிட்டு மனிதரை விட்டுவிடக் கூடாது. 2024 கோடையில் சென்னையில் சில சிக்னல்களில் பச்சை நிழல் வலை கட்டினார்கள். எல்லா இடத்திலும் அது இல்லை. காலுக்கு அடியில் எஞ்சின், தலைக்கு மேல் வெயில் என்று நிற்கும்போது தலைசுற்றல், குமட்டல், திடீர் சோர்வு வந்தால் "இன்னும் ரெண்டு சிக்னல்தான்" என்று ஓட்டாதீர்கள். உடனே ஓரங்கட்டி நிழலுக்குப் போங்கள். அரைக்கால் டவுசரோடு பைக் எடுப்பதும் தவறுதான். பெரும்பாலான பைக்குகளில் சைலன்சர் வலப்பக்கம் இருக்கும். பிள்ளைகளை எப்போதும் இடப்பக்கமாக ஏறி இறங்கப் பழக்குங்கள்.

அப்படியும் சுட்டுவிட்டால் டூத்பேஸ்ட், இங்க், தோசை மாவு எதையும் தடவ வேண்டாம். ஐஸும் வைக்க வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல், சுத்தமான துணியால் லேசாக மூடி மருத்துவரிடம் போங்கள். சுட்டது குழந்தைக்கு என்றால் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.