டாட்டூ கடைக்கு கூகுள் ரிவியூ: எப்போது கேட்பது?

டாட்டூ போட்டு முடித்த கையோடு ரிவியூ கேட்பதுதான் பல கடைகளில் வழக்கம். அந்த நேரத்தில் தோல் சிவந்து, வீங்கி, எரிந்துகொண்டிருக்கும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருப்பார். 'சரிண்ணா, போடுறேன்' என்பார், அதோடு மறந்துவிடுவார்.

மேல்தோல் உரிந்து ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். அப்போது, 'டாட்டூ நல்லா ஆறிடுச்சா? ஒரு போட்டோ அனுப்புங்க' என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். எப்படியும் கேட்க வேண்டிய கேள்விதான். எங்காவது மை விட்டுப்போயிருந்தால் டச்-அப்புக்கு அழைக்கலாம். பதில் வந்ததும் ரிவியூ லிங்க்கை அனுப்பி, அதே போட்டோவையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். புதிதாக வருபவர் பார்க்க விரும்புவது ஆறிய டாட்டூவைத்தான். அன்றைக்குப் போட்டது எல்லாக் கடையிலும் பளிச்சென்றுதான் இருக்கும்.

லிங்க்கும் கியூஆர் கோடும் கூகுளில் உங்கள் கடைக்கென உள்ள பக்கமான கூகுள் பிசினஸ் புரொஃபைலிலேயே இலவசமாகக் கிடைக்கும். பராமரிப்பு முறை எழுதித் தரும் அட்டையின் பின்பக்கம் கியூஆரை அச்சடித்துவிடுங்கள்.

'ரிவியூ போட்டால் 10% தள்ளுபடி' மட்டும் வேண்டாம். கூகுள் விதிப்படி அது தவறு, ரிவியூவை நீக்கிவிடுவார்கள். திருப்தியானவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதும் அப்படித்தான்.

அப்புறம், குறை சொல்லி எழுதியவருக்கும் பதில் போடுங்கள். சண்டை வேண்டாம், 'ஒருமுறை கடைக்கு வாங்க, பார்த்துச் சரிசெய்கிறோம்' போதும். அடுத்து வருபவர்கள் அதையும் படிப்பார்கள்.