டார்ட்டன் துணி வாங்கும்போது நிறத்தில் செய்யும் தவறுகள்

ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட கம்பளித் துணியான டார்ட்டனை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கட்ட வடிவத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். "ராப் ராய் கொடுங்கள்", "பிளாக் வாட்ச் 8 கஜம் வேண்டும்" என்று. முதல் தவறே அதுதான். பெயர் உறுதிசெய்வது கோடுகளின் வரிசையையும் அகலத்தையும் மட்டும். எத்தனை இழை சிவப்பு, அடுத்து எத்தனை இழை கறுப்பு என்ற இந்தக் கணக்குக்கு அங்கே 'செட்' என்று பெயர். அந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு என்பதை நெய்கிற ஆலைதான் முடிவுசெய்கிறது. லாக்கரன், ஹவுஸ் ஆஃப் எட்கர் போன்ற ஆலைகள் ஒரே செட்டை நெய்தாலும், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். இரண்டுமே சரியான துணிதான்.

ஒரே செட்டை ஆலைகள் பல நிறவரிசைகளில் நெய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து விற்கின்றன. அடுத்த தவறு, அந்தப் பெயரை அப்படியே நம்புவது. 'மாடர்ன்' என்றால் புதிய டார்ட்டன் என்றும் 'ஏன்சியன்ட்' என்றால் முன்னோர் உடுத்தியது என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இரண்டிலும் செட் ஒன்றேதான். 1856இல் வேதியியலாளர் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு கிடைத்த அழுத்தமான நிறங்களின் பாணிதான் மாடர்ன். ஏன்சியன்ட் என்பது வெளிறிப்போன செடிச் சாயத்தை நினைவூட்டுவதற்காக இருபதாம் நூற்றாண்டில் வந்த வெளிர் நிறவரிசை. சாயம் என்னவோ அதிலும் செயற்கைதான். அதில் கருநீலம் வான்நீலமாகும், சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும். ஆகவே "அசல் வேண்டும், அதனால் ஏன்சியன்ட் எடுத்தேன்" என்பதில் பொருளில்லை. பிடித்திருந்தால் எடுங்கள், அது போதும்.

இன்னொரு வரிசையில் பச்சை பழுப்பாகவும் நீலம் சாம்பலாகவும் மாறியிருக்கும். லாக்கரன் அதை 'வெதர்டு' என்று விற்கிறது. டால்க்லிஷ் ஆலை இதே பாணிக்கு வைத்த பெயர் 'ரீபுரொடக்‌ஷன்'. 1746இல் போர் நடந்த கலோடன் மண்ணில் புதைந்துகிடந்த ஒரு துண்டுத் துணியைப் பார்த்து உருவாக்கியது என்று அதற்கு ஒரு கதையும் உண்டு. பெயர் வேறாக இருப்பதால் நிறமும் முற்றிலும் வேறு என்று எண்ண வேண்டாம். பெயர் ஒன்றாக இருப்பதால் நிறமும் ஒன்றாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். இரண்டாவதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். கில்ட்டை (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் உடுத்தும் மடிப்புப் பாவாடை) ஓர் ஆலையின் ஏன்சியன்ட்டிலும், டையையோ தோள்துணியையோ வேறோர் ஆலையின் ஏன்சியன்ட்டிலும் வாங்கிவிட்டுக் கல்யாண நாளன்று விழிப்பார்கள்.

ஷேடு கொஞ்சம் மாறினால் என்ன, ஒரு கோடுதானே என்று தோன்றலாம். டார்ட்டன் சாய்கோட்டு நெசவு. நீளவாட்டு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் இரண்டிரண்டு இழையாக ஏறி இறங்கும். ஒரே நிறங்கள் சந்திக்கும் இடத்தில் அந்த நிறம் தெரியும், வேறு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டின் கலவை தெரியும். 2 நிற நூல் போட்டால் கண்ணுக்கு 3 நிறம், 6 போட்டால் 21. ஒரு நூலின் சாயம் நகர்ந்தால் அது கலக்கும் எல்லாக் கட்டங்களும் சேர்ந்து நகரும். நீலம், பச்சை, கறுப்பு கொண்ட பிளாக் வாட்சை அழுத்தமான சாயத்தில் நெய்தால் தூரத்தில் நீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடும், கட்டமே தெரியாது. அதே செட்டை வெளிர் சாயத்தில் பார்த்தால் வேறு துணி என்று சத்தியம் செய்யலாம். பிரிட்டிஷ் ராணுவத்தின் பிளாக் வாட்ச் படைப்பிரிவு கருமையாக உடுத்திய இதே செட்டை ஆர்கைல் அண்ட் சதர்லாண்ட் படைப்பிரிவு வெளிர் ஷேடில் உடுத்தியது.

திரையில் பார்த்து ஆர்டர் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் ஸ்காட்லாந்தின் டார்ட்டன் பதிவேட்டில் உள்ள படமும் கணினி வரைந்ததுதான். அதைக் காட்டி "இதே நிறம்" என்று ஆலையிடம் கேட்க முடியாது. நெய்யப்போகும் ஆலையிடமிருந்தே மாதிரித் துண்டு வரவழைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையின் விளக்கொளியில் ஒத்துப்போகிற இரண்டு நூல்கள் வாசலுக்கு வந்ததும் முறைத்துக்கொள்ளும்.

அப்புறம், துணியைப் பல தடவையாகப் பிரித்து வாங்காதீர்கள். திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம்: லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதி) மாறினால் ஷேடு மாறும். 16 அவுன்ஸ் கில்ட் துணியும் வெயிஸ்ட்கோட் என்கிற கையில்லா மேல்சட்டைக்கான மெல்லிய துணியும் தனித்தனி நூல், தனித்தனி லாட். பட்டு டை என்றால் சாயம் ஏறும் விதமே வேறு.

ஒரே லாட்டில் எல்லாம் கிடைக்கவில்லையா? கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தேடி அலையாதீர்கள். கிட்டத்தட்டப் பொருந்துவதுதான் கண்ணை உறுத்தும். கில்ட்டில் ஓடும் மெல்லிய கோடுகளில் ஒன்றின் நிறத்தில் கட்டமில்லாத ஒற்றை நிற டை கட்டினால் சரியாக இருக்கும், செலவும் குறைவு.