விண்டோஸ் 11-க்கு மாறும் முதல் வாரத்தில் செய்யக் கூடாதவை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுபோயின. அதற்கு முன்னும் பின்னும் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எங்கள் எல்லைப் பக்கத்துச் சர்வீஸ் கடைகளுக்கு வந்தவர்கள் கேட்டது இரண்டே விஷயம். ஒன்று, "பதினொன்று ஏத்திக் குடுங்க." இன்னொன்று, "ஏத்துனதை எடுத்துருங்க."

இந்த வேலையில் இப்போது இறங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்து வந்த தம்பிகள். வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் நாங்கள் விஸ்டா, விண்டோஸ் 8 காலத்தில் செய்த அதே பிழைகளை இவர்களும் வரி பிசகாமல் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. பேக்கப் எடு, சார்ஜரைச் செருகிவை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிட்டு, தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள் புலம்பலைக் கேட்டுப் பழையதற்குத் திரும்புவது

புதிதாக ஏற்றிக்கொண்டு போனவர் மறுநாளே திரும்பி வருவார். "ரொம்ப ஸ்லோவா இருக்குதுங்க, சார்ஜும் நிக்க மாட்டேங்குது." தம்பி உடனே பழையதை ஏற்ற உட்கார்ந்துவிடுவான். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அப்கிரேட் முடிந்த முதல் ஓரிரு நாள் கணினி பின்னணியில் நிறைய வேலை செய்கிறது. எல்லாக் கோப்புகளையும் படித்துத் தேடலுக்கான அட்டவணை போடுகிறது, டிரைவர்களை இறக்குகிறது, ஒன்டிரைவ் இயங்கினால் அதுவும் கோப்புகளை இணையத்துக்கு ஏற்றத் தொடங்குகிறது. ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் இது நன்றாகவே தெரியும். சார்ஜரிலும் இணையத்திலும் போட்டு ஓர் இரவு அப்படியே விட்டாலே பாதிப் புகார் காணாமல் போகும்.

அடுத்த புகார்கள் கைப்பழக்கம் சார்ந்தவை. ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருக்கிறது என்பார்கள். டாஸ்க்பார் செட்டிங்ஸில் அலைன்மென்ட்டை இடப்பக்கம் மாற்றினால் முடிந்தது.

அதற்காக எல்லாப் புலம்பலையும் 'பழகினால் சரியாகிவிடும்' என்று தள்ளுவதும் தவறுதான். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனே இல்லை. ஜனங்கள் விடாமல் குறை சொன்னார்கள். 2013 அக்டோபரில் 8.1 வந்தபோது பட்டன் திரும்பி வந்தது. விண்டோஸ் 11-லும் வலது கிளிக் மெனுவில் கட், காப்பி எல்லாம் வெறும் சின்னப் படங்களாக இருந்து, 24எச்2 பதிப்பில்தான் பக்கத்தில் எழுத்து வந்தது. மெயிலும் பில்லும் மட்டும் பார்க்கும் ஒரு பெரியவர் "எது எங்க இருக்குதுன்னே தெரியல தம்பி" என்று சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவர் எதைத் தேடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அதை டெஸ்க்டாப்பில் எடுத்து வைத்துவிட்டால், பழையதைக் கேட்டு அவர் திரும்பி வரமாட்டார்.

புதுப் பதிப்பு வந்த அன்றைக்கே ஏற்றுவது

2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வந்தது. ஆசையாக முதலில் ஏற்றியவர்களில் சிலருக்கு டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் இருந்த கோப்புகளே அழிந்துபோயின. அந்த ஃபோல்டர்களை வேறு டிரைவுக்குத் திருப்பி வைத்திருந்தவர்கள்தான் முக்கியமாக மாட்டிக்கொண்டார்கள். சில நாளிலேயே வெளியீட்டை நிறுத்தி, நவம்பர் 13-ஆம் தேதி திருத்தி மறுபடி விட்டார்கள். வேதனை என்னவென்றால், வெளியீட்டுக்கு முன் சோதித்துப் பார்த்தவர்களில் சிலரே இந்தப் பிரச்சினையை எழுதியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான கருத்துகளுக்கு நடுவில் அது கவனிக்கப்படாமல் போயிற்று. அதற்குப் பிறகுதான் கருத்து எழுதும்போதே பாதிப்பு எவ்வளவு பெரியது என்று குறிப்பிடும் வசதி வந்தது.

பிழைப்புக்கு அந்த ஒரே கணினியை நம்பியிருப்பவர் புதுப் பதிப்புக்கு ஓரிரு மாதம் காத்திருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட்டுகள் வேறு. அவற்றைத் தள்ளிப் போடக் கூடாது.

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது என்று உடனே சுத்தம் செய்வது

அப்கிரேட் முடிந்ததும் பழைய விண்டோஸ் முழுதும் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் இருக்கும். அது இருக்கும்வரைதான் பழையதற்குத் திரும்பும் 'கோ பேக்' வேலை செய்யும். கணக்கு 10 நாள். இடம் அடைக்கிறதே என்று அன்று சாயங்காலமே டிஸ்க் கிளீனப் ஓட்டினால் திரும்பும் வழி அடைந்துவிடும். அந்த 10 நாளுக்குள், விண்டோஸோடு வரும் டிஸ்ம் (DISM) என்ற கருவியில் கட்டளை கொடுத்து 60 நாள் வரை நீட்டிக்கவும் முடியும். கணக்கு வழக்கு பார்க்கும் கணினி என்றால் நீட்டித்து வையுங்கள், மாதக் கடைசி வேலை ஒரு முறை முடிந்து பார்த்தால்தான் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று தெரியும்.

இடி மின்னல் நேரத்தில் அப்கிரேட்

ஐப்பசி மத்தியானத்தில் வேண்டவே வேண்டாம்.

உரிமையாளர் பெயரில் இல்லாத மெயில் ஐடியைப் போட்டு ஏற்றுவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதை நினைத்தால்தான்.

விண்டோஸ் 11-ஐ ஃபார்மட் போட்டுப் புதிதாக ஏற்றும்போது ஒரு கட்டத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். கணினிக்குச் சொந்தக்காரர் கடையில் இருக்க மாட்டார், அல்லது அவருக்கு மெயில் ஐடியே இருக்காது. தம்பி என்ன செய்வான்? தன் மெயில் ஐடியையோ கடையின் ஐடியையோ போட்டுத் தாண்டிப் போவான். வேலை முடிந்தது, கணினியைத் திறக்கும் பின் (PIN) நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவான். விண்டோஸ் 7 காலத்தில் இதனால் ஒன்றும் கெடவில்லை. அப்போது கணினியில் யார் பெயர் போட்டாலும் அது வெறும் பெயர்தான்.

இப்போது அப்படி இல்லை. 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. இதை டிவைஸ் என்கிரிப்ஷன் என்பார்கள், உள்ளே வேலை செய்வது பிட்லாக்கர் என்ற பூட்டுதான். அதைத் திறக்கும் ரெக்கவரி கீ 48 இலக்கம். அது எந்த மெயில் ஐடியில் நுழைந்தோமோ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. திரையில் ஒரு சத்தமும் வராது. விண்டோஸ் 10-இன் மேலேயே அப்கிரேட் செய்தால் இது தானாக நடப்பதில்லை. ஃபார்மட் போட்டு ஏற்றும்போதுதான் நடக்கிறது, கடைகளில் பெரும்பாலும் ஃபார்மட்தான் போடுகிறார்கள்.

எல்லாம் நன்றாக ஓடும்வரை யாருக்கும் தெரியாது. பயாஸ் அப்டேட் ஆனாலோ, மதர்போர்டு மாற்றினாலோ, சாவிகளைக் காக்கும் டி.பி.எம். சிப்பில் இருப்பதை அழித்தாலோ, பயாஸில் உள்ள செக்யூர் பூட் (Secure Boot) அமைப்பை மாற்றினாலோ நீலத் திரை வந்து அந்த 48 எண்களைக் கேட்கும். சில சமயம் நாம் எதையும் தொடாமலே கேட்கும். 2024 ஜூலை மாதப் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகளில் அப்படி வந்தது, ஆகஸ்ட் அப்டேட்டில்தான் சரிசெய்தார்கள்.

எங்கள் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளி டீச்சர் ஒருவர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். சார்ஜ் ஏறவில்லை என்று வேறொரு கடையில் மதர்போர்டு மாற்றியிருக்கிறார்கள். ஆன் செய்ததும் நீலத் திரை.

"டீச்சர், இதுல யாரோட மெயில் ஐடி போட்டிருக்கீங்க?"

"எனக்கு மெயில் எல்லாம் தெரியாதுங்க. பதினொன்னு ஏத்திக் குடுத்த தம்பிதான் அவனோடதைப் போட்டான். நம்பரை மட்டும் எழுதிக் குடுத்தான்."

அந்தத் தம்பி அந்தக் கடையை விட்டுப் போயிருந்தான். தேடிப் பிடித்துப் பேசினோம். அந்த மெயிலின் பாஸ்வேர்டு அவனுக்கே மறந்துவிட்டது, மீட்பதற்குக் கொடுத்திருந்த போன் எண்ணும் இப்போது அவனிடம் இல்லை. இது எல்லைப் பக்கத்தில் சாதாரணமாக நடப்பது. கேரளத்தில் வாங்கிய சிம் ஒன்று, தமிழ்நாட்டில் வாங்கிய சிம் ஒன்று என்று வைத்திருப்பார்கள், ஒன்றுக்கு ரீசார்ஜ் போடாமல் விட்டுவிடுவார்கள், எண் கைமாறிப் போய்விடும். கோட் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் பார்க்கலாமே என்று டீச்சரின் மகன் கேட்டான். போட்டாலும் அதே 48 எண்களைத்தான் கேட்கும். "எல்லாம் டி டிரைவ்லதாங்க இருக்குது, சி டிரைவ்ல ஒண்ணுமில்ல" என்றார் டீச்சர். ஃபார்மட் போட்டாலும் டி டிரைவ் பத்திரம் என்று நாம்தான் காலம் காலமாக எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறோம். டிவைஸ் என்கிரிப்ஷன் உள்ளே இருக்கும் டி டிரைவையும் சேர்த்தே பூட்டுகிறது. கீ தொலைந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் புதிதாக ஒன்று உண்டாக்கித் தர முடியாது. பல வருடத்துக் கேள்வித்தாள், அவர் தட்டச்சு செய்து வைத்த பாடக் குறிப்பு, ஆண்டுவிழாப் படங்கள் எல்லாம் போயின. மறுபடி ஃபார்மட் போட்டுக் காலி லேப்டாப்பைத்தான் கொடுக்க முடிந்தது.

இது விதியால் வந்த நஷ்டம் இல்லை. ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் வந்திருக்காது. ஆகவே வேலை பழகும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: உரிமையாளர் பக்கத்தில் இல்லாமல் கணக்குத் திரையைத் தாண்டாதீர்கள். அவருக்கு மெயில் இல்லையென்றால் அவருடைய போன் எண்ணில், அவர் பெயரில் ஒன்று தொடங்குங்கள், பாஸ்வேர்டை அவரையே போடச் சொல்லுங்கள். ஏற்றி முடித்ததும் செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டிக்குள் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து ரெக்கவரி கீயைப் பேப்பரில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். ஒரே கணக்கில் பல கீ இருக்கலாம். நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தை ஒப்பிட்டுத்தான் சரியானதை எடுக்க வேண்டும், அதனால் அந்த ஐடியும் பேப்பரில் இருக்கட்டும். வீட்டில் மட்டும் இருக்கும் டெஸ்க்டாப், பூட்டு தேவையில்லை என்று அவர் சொன்னால் ஆஃப் செய்துவிடலாம். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

ஏற்கெனவே கடையில் கொடுத்து ஏற்றி வாங்கியவர்கள் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸைத் திறந்து பாருங்கள். அங்கே தெரிவது உங்களுக்குத் தெரியாத மெயில் ஐடி என்றால், லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்துவிட்டு, என்கிரிப்ஷனை ஆஃப் செய்துவிட்டு, உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

எழுத்துருக்களை மறப்பது

டி.டி.பி. கடைகளுக்கு இது பெரிய தலைவலி. எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் பாதி தமிழ், பாதி மலையாளம். இரண்டுக்கும் யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருக்களை இன்னும் பயன்படுத்துகிறார்கள். ஃபார்மட் போட்டதும் அவை போய்விடும், பழைய பத்திரிகையைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முதலிலேயே நகல் எடுத்து வையுங்கள். திரும்பப் போடும்போது வெறுமனே இரட்டைக் கிளிக் செய்யாமல், வலது கிளிக் செய்து எல்லாப் பயனர்களுக்கும் என்ற தேர்வில் நிறுவுங்கள். இல்லையென்றால் அது ஒரு பயனருக்கு மட்டும் பதிவாகும், பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றின் கண்ணில் படாது.

யூனிகோடில் எழுதியவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லதா, விஜயா இரண்டும் இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று தனியாக இருக்கும், மலையாளத்துக்குக் கார்த்திகாவும் அப்படித்தான். அதைச் சேர்க்காவிட்டால் லதாவில் அடித்த கடிதம் வேறு எழுத்துருவில் விரிந்து பக்கக் கணக்கே மாறிவிடும்.

சாதனங்களைச் சோதிக்காமல் கையெழுத்து வாங்குவது

கேரளத்து அக்ஷயா மையமோ தமிழ்நாட்டு இ-சேவை மையமோ என்றால் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பிரிண்டர் மூன்றையும் செருகி ஒரு வேலையை முழுதாக முடித்துப் பார்த்த பிறகுதான் கடையை விட்டு அனுப்ப வேண்டும். பழைய டிரைவர் ஏறவில்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் கோர் ஐசோலேஷனில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு அதைத் தடுக்கிறதா பாருங்கள். அதை அணைப்பதற்கு முன் புது டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் தேடுங்கள். 16 பிட் பழைய பில்லிங் நிரல் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது, அது ஓடாது.

கிராக் போட்டு ஏற்றுவது

கூடாது.

ஆகாத கணினியில் வலுக்கட்டாயமாக ஏற்றுவது

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது வேண்டியவை: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசர், டி.பி.எம். 2.0, 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம். இது இல்லாத கணினியிலும் ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து ஏற்றிவிடலாம்தான். ஆனால் அடுத்த பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். கோர் 2 டுவோ போன்ற மிகப் பழைய பிராசசரில் 24எச்2 தொடங்கவே தொடங்காது. தமிழ்நாடு அரசு 2011 முதல் கொடுத்த இலவச லேப்டாப்புகள் இந்தப் பக்கம் உறவுக்காரர்கள் வீடுகளிலும் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றுக்கு லினக்ஸ்தான் நல்லது. கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் உபுண்டு அடிப்படையிலான கைட் லினக்ஸில்தான் படிக்கிறார்கள், வீட்டில் அதையே பார்த்தால் அவர்கள் மிரளப் போவதில்லை.

இப்போதைக்கு விண்டோஸ் 10-லேயே இருக்கிறேன் என்பவர்களுக்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்று உண்டு. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். அதில் சேரவும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். கடைக்காரரின் மெயில் ஐடியில் சேராதீர்கள், உங்களுடையதில் சேருங்கள்.